பூல் மேசைக்குத் துணி மாற்ற ஆள் கூப்பிடுகிறீர்களா? டர்பன் பக்கத்து வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் கராஜிலோ அவுட்பில்டிங்கிலோ பூல் மேசை, அதாவது கோலால் பந்தைத் தட்டிக் குழியில் தள்ளும் ஆட்ட மேசை, போட்டிருக்கும் வீடுகள் நிறைய. தீபாவளி நெருங்கினால் சுவருக்குச் சாயம் அடிக்கிற கையோடு மேசைக்கும் துணி மாற்றிவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அந்த நேரம் பார்த்து ஒருவர் வருவார். வெள்ளைப் பக்கி (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி), பின்னால் கருவிப் பெட்டி, வாய் நிறையத் தமிழ். அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இங்கே போட முடியாது, பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குக்குப் போயிருக்கிறோம். ஆனால் அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லத் தடையில்லை. அது தெரிந்தால் ஆளை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

எங்களுடையது 7 அடி மேசை, ஒரே பலகையாக ஸ்லேட் கல். மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து மாமனார் வாங்கிவந்தது. நாணயம் போட்டால் பந்துகள் உருண்டு வரும் பழைய வகை. 2023இல் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தபோது பேட்டரி விளக்கைத் தொங்கவிட்டுக் குடும்பமே அதைச் சுற்றித்தான் நின்றது. துணி தேய்ந்து, ஆட்டத் தொடக்கத்தில் பந்துக் குவியலை அடித்து உடைக்கும் இடத்தில் வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. பந்து பட்டுத் திரும்பும் ஓரத்து ரப்பர்க் குஷன்களும் சோர்ந்துவிட்டன என்பது மாமனாரின் புகார். எழுபதைத் தாண்டியவர், கியூக் கோலைத் தொட்டால் இன்னும் யாரையும் விடமாட்டார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வந்தவர் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார், கட்டைவிரலால் ரப்பரை அழுத்தினார், தலையை ஆட்டினார். முழுக் கம்பளித் துணி, ஆறு குஷனுக்கும் புது ரப்பர், ஸ்லேட்டை மட்டம் பார்த்துத் தருவது, எல்லாம் சேர்த்து 6,500 ராண்ட் என்றார். பாதியை முன்பணமாக வங்கியில் போடச் சொன்னார். ரசீது கேட்டதற்கு, "நம் ஆட்களுக்குள் ரசீது எதற்கு அண்ணா? நான் என்ன ஓடியா போய்விடுவேன்?" என்றார். இந்த வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால் வாசலைக் காட்டிவிடுங்கள். நல்ல வேளையாக, என்னென்ன செய்வேன் என்று வாட்ஸ்அப்பில் தானே எழுதி அனுப்பியிருந்தார். இப்போது எங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி அதுதான்.

வேலை நாளன்று மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தாத்தா, தூசி பறக்கும், உங்கள் நெஞ்சுக்கு ஆகாது, உள்ளே போய்ப் படுங்கள்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டுக் கராஜ் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. மேசை பச்சைப்பசேல் என்று இருந்தது. பழைய துணி, பழைய ரப்பர் எங்கே என்றால், குப்பையை ஏன் உங்கள் தலையில் கட்டவேண்டும் என்று பக்கியில் ஏற்றிவிட்டாராம். மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே மாமனார் பந்தை மெதுவாக உருட்டிப் பார்த்தார். நடுக் குழிக்குப் பக்கத்தில் போகும்போது "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம், பந்து ஓரிழை விலகியது. மறுபடி உருட்டினாலும் அதே இடம், அதே சத்தம். விரலால் தடவினால் துணிக்கு அடியில் அரிசி அளவில் ஏதோ தட்டுப்பட்டது. பழைய பசையைச் சுரண்டாமலே மேலே துணியை ஒட்டியிருக்கிறார்! குஷனில் ஓங்கி அடித்தால் பந்து முன்பு எப்படிச் சலித்துப்போய்த் திரும்பியதோ அப்படியேதான் திரும்பியது.

துணியின் குட்டை உடைத்தது பெரியம்மா. ஜேக்கப்ஸ் பகுதி ஆடைத் தொழிற்சாலைகளில் தலை நரைக்கும் வரை தைத்தவர். இரண்டு விரலுக்கு நடுவே துணியைக் கிள்ளிப் பார்த்து, "இதில் ஆட்டு மயிர் எங்கே இருக்கிறது?" என்றார். மேசைக்கு அடியில் தொங்கிய விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவினார். லயன் தீப்பெட்டியை உரசினார். கம்பளி நூலாக இருந்தால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், மிச்சத்தை நசுக்கினால் சாம்பலாகும். இந்த நூல் சுருண்டு உருகி, கருப்பாக ஒரு சொட்டு மணியானது. ஆறியபின் அதை நகத்தால் கூட உடைக்க முடியவில்லை. முடி நாற்றம் இல்லை, பிளாஸ்டிக் நாற்றம். முழுக்க பாலியஸ்டர். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நல்ல பூல் துணிகளிலும் கொஞ்சம் நைலான் கலந்திருப்பது உண்டு, அது மோசடி அல்ல. பெரும்பங்கு கம்பளி இருக்கவேண்டும். கம்பளி என்று காசு வாங்கிவிட்டுச் சொட்டுக் கம்பளியும் இல்லாத துணியைப் போட்டால் அதற்கு வேறு பெயர்.

ரப்பர் விஷயம் இன்னும் மோசம். இடது நீள்பக்கக் குஷனின் ரப்பரில், மூலைக் குழிக்கு அருகே, ஒரு பழைய வெட்டு உண்டு. மேசையைக் கராஜுக்குள் நுழைக்கும்போது கதவு இரும்பில் பட்டது. இரண்டாவது வாரம் அந்தக் குஷனின் அடியில் துணி கழன்று தொங்கியது. மைத்துனர் அதை உரித்துப் பார்த்தார். புது ரப்பர் இருக்கவேண்டிய இடத்தில் அதே வெட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தது. மரக்கட்டையில் பழைய ஸ்டேப்பிள்களைக் கூடப் பிடுங்கவில்லை. அவற்றின் மேலேயே புதியவற்றை அடித்திருந்தார். குப்பை என்று அவர் எடுத்துப்போனது துணியை மட்டும்தான். ரப்பர் எங்கேயும் போகவே இல்லை.

போன் செய்தால், "புது ரப்பர்தான் அண்ணா, டர்பன் ஈரம் தின்றுவிட்டது" என்றார். வெட்டுத் தெரியும் படத்தை அனுப்பியதும் எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் நேரமே அவரைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. பழக்கமான கைக்கு 7 அடி மேசையில் துணி மட்டும் மாற்ற இரண்டு மூன்று மணி நேரம் போதும். ஆனால் ரப்பர் மாற்றுவது வேறு வேலை. பழைய ரப்பரை உரிக்கவேண்டும், கட்டையில் காய்ந்து கிடக்கும் பசையை மரம் தெரியச் சுரண்டவேண்டும், இரண்டு பக்கமும் பசை தடவிக் கொஞ்சம் காயவிட்டு ஒட்டவேண்டும், முனைகளைக் குழியின் கோணத்துக்கு வெட்டவேண்டும், பிறகுதான் துணி. ஆறு குஷனுக்கும் இதைச் செய்து, பந்து உருளும் தளத்தின் துணியான படுகைத் துணியையும் போட்டு, ஒரே காலையில் முடித்தேன் என்று தனியாள் ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008ஆம் ஆண்டின் 68ஆம் சட்டம். அதன் 67ஆம் பிரிவு, பழுதுபார்க்கும்போது கழற்றிய பாகங்களைத் தனியாக வைத்திருந்து, வேலை முடிந்ததும் சுத்தமான பையிலோ பெட்டியிலோ போட்டு உங்களிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்கிறது. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் ஒழிய. எனவே துணி மாற்ற வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பழைய துணியும் பழைய ரப்பரும் இங்கேயே இருக்கட்டும். யோக்கியமான ஆளுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. 57ஆம் பிரிவின்படி, பொருத்திய புதுப் பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு, எழுதித் தந்தாலும் தராவிட்டாலும். வேலை தரமாக இல்லை என்றால் சரிசெய்து தரச் சொல்லவோ, பணத்தில் நியாயமான பங்கைத் திரும்பக் கேட்கவோ 54ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஆளைக் கூப்பிடலாமா, நாமே செய்யலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அவர் போட்டதை உரித்துவிட்டு நாங்களே திரும்பப் போட்டோம், அதனால் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. எங்களைப் போல ஒரே பலகை ஸ்லேட் உள்ள சின்ன மேசை என்றால், பொறுமையும் இரண்டு ஜோடிக் கைகளும் இருந்தால் நீங்களே படுகைத் துணியை மாற்றலாம். கல் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தூக்கவேண்டிய தேவையே இல்லை. போல்ட்டுகளைக் கழற்றினால் குஷன் சட்டம் அப்படியே மேலே வந்துவிடும். சுரண்டும் வேலைதான் உயிரை வாங்கும். எங்கள் கல்லில் பழைய பசை தேன்பாகு போல இறுகிக் கிடந்தது. அகலமான தகடு ஒன்றைச் சாய்த்துப் பிடித்து மைத்துனர் அரைநாள் சுரண்டினார். வெற்றுக் கல்லில் உள்ளங்கையை வைத்துத் தடவி, ஒரு மணல் கூடத் தட்டுப்படவில்லை என்று உறுதியான பிறகுதான் துணியைக் கொண்டுவர மாமனார் அனுமதித்தார். ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துக் கால்களைச் சரிசெய்வதையும் அப்போதே செய்துவிடவேண்டும்.

கம்பளித் துணிக்கு இழை படுகிற திசை ஒன்று உண்டு. கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். பந்தை உடைக்கும் பக்கத்திலிருந்து எதிர்முனை நோக்கி அது வழுக்கவேண்டும். துணியை மிச்சம் பிடிப்பதற்காகக் குறுக்கே வெட்டிப் போட்டால், மெதுவாகப் போகும் பந்து கடைசியில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மேசை மட்டமில்லையோ என்று நீங்கள் காலைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். ஒரு முனையை ஒட்டிவிட்டு மறுமுனையை இருவராகச் சமமாக இழுக்கவேண்டும், பிறகு பக்கங்கள். இழுப்புப் போதுமா என்று பார்க்க உள்ளங்கையைத் துணியில் அழுத்தி முன்னால் தள்ளுங்கள். கைக்கு முன்னே அலை எழுந்தால் தொளதொளப்பு. கம்பளி ஈரத்தை உறிஞ்சித் தளரும். டர்பனில் டிசம்பர், ஜனவரி புழுக்கத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள், ஜூன், ஜூலையில் காய்ந்த நாளாகப் பாருங்கள். தீபாவளிக்குப் புதுத் துணி வேண்டும் என்றாலும் குளிர்காலத்திலேயே போட்டுவிடுவது உத்தமம்.

கை நடுங்க வைக்கும் இடம் குழி வளைவு. அங்கே துணியைக் கீற்றாக வெட்டி மடித்து ஒட்டவேண்டும். கத்தி ஒரு விரல்கடை அதிகம் போனால் கிழிசல் மேலே தெரியும், துணி முழுவதும் வீண். அப்படி ஒன்று வீணானால் ஆளுக்குக் கொடுக்கிற கூலி அங்கேயே போய்விடும். மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் இதில் இறங்குகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

ரப்பர் மாற்றத்தை நாங்கள் செய்யவில்லை. உயரமும் கோணமும் கொஞ்சம் தவறினால் பந்து துள்ளும் அல்லது சிக்கும். அதற்குப் போட்டி மேசைகளைப் பராமரிக்கும் வேறொருவரைப் பிடித்தோம்; அவர் தாமாகவே பழைய ரப்பரை மேசைமேல் அடுக்கிவைத்துவிட்டுப் போனார். 8, 9 அடி மேசைகளில் ஸ்லேட் பெரும்பாலும் மூன்று துண்டாக இருக்கும். 12 அடி ஸ்னூக்கர் மேசையில் ஐந்து. இணைப்புகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து நிரப்பித் தேய்ப்பது அனுபவக் கையின் வேலை. அந்த மேசைகளில் வீட்டுப் பரிசோதனை வேண்டாம். ஆளைக் கூப்பிடுங்கள், ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். தூசி பறந்தால் முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை கேட்கலாம்; 2019 ஏப்ரலில் உயர்த்திய வரம்பு இது. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. முதலில் எதிராளிக்கு எழுத்தில் கேட்டு 14 நாள் அவகாசம் தரவேண்டும். பணம் வராவிட்டால் நீதிமன்ற எழுத்தரிடம் போகலாம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: வெறும் தொலைபேசி எண்ணை வைத்துக்கொண்டு யாருக்கும் சம்மன் அனுப்ப முடியாது. முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். எங்களுக்கு உதவியது வங்கிப் பரிமாற்றத்தில் பதிவான பெயரும், பக்கத்து வீட்டுக் கேமராவில் பதிந்த பக்கியின் எண்பலகையும். முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

அவர் இப்போது வேறு எண்ணில், டோங்காட் பக்கம், "கோயில் குடும்பங்களுக்குச் சலுகை" என்று விளம்பரம் போடுகிறார் என்று கேள்வி. இவரைப் போன்ற ஒருவரிடம் நீங்களும் கொடுத்திருந்தால், பணம் போட்ட வங்கிச் சீட்டையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள். குஷனின் அடித்துணியை ஓர் அங்குலம் விலக்கி ரப்பரைப் படம் எடுங்கள். துணியில் ஒரு நூலை உருவி, தீக்குச்சி வைத்துப் பாருங்கள்.