17 பேர் பட்டா: வைத்திருப்பதா, பிரிப்பதா, கம்பெனிக்குக் கொடுப்பதா?

இந்த வருடம் முன்னோருக்குச் செய்த படைப்புக்குப் பங்காளிகள் அநேகமாக எல்லாரும் வந்துவிட்டார்கள். சாப்பாடு முடிந்து முகப்பில் வெற்றிலைத் தட்டு வந்தபோது, இங்கிலாந்தில் இருக்கும் சித்தப்பா மகன் செல்போனில் ஒரு படம் காட்டினான். லண்டன் தெருவில் வரிசையாக டிராக்டர்கள். முன்னால் பொம்மை டிராக்டரில் குழந்தைகள். "அண்ணே, அங்க அப்பச்சி செத்தா மகன் வயலுக்கு வரி கட்டணும்ங்கிறாங்க. நம்ம ஊர்ல அந்தத் தொல்லை இல்ல. கொடுத்து வச்சவங்க" என்றான்.

நான் உள்ளே போய் எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) நிலத்தின் பட்டாவை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். நஞ்சை 6 ஏக்கர், புஞ்சை 5 ஏக்கர். பெயர்கள் 17. அவன் பெயர் 14-வது, அதுவும் இனிஷியல் தப்பாக.

அன்று சாயந்திரம் வரை பேசியதைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இதே போல ஒரு பட்டா மடித்து வைத்திருக்காத வீடு குறைவு.

முதலில் அந்த டிராக்டர் விஷயம். பிரிட்டனில் வாரிசு வரி 40%. ஆனால் விவசாய நிலத்துக்கு 1992 முதல் பெரும்பாலும் முழு விலக்கு இருந்தது. 2024 அக்டோபர் பட்ஜெட்டில், 10 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட மதிப்புக்குப் பாதி விலக்குத்தான், அதாவது 20% வரி என்று அறிவித்தார்கள். நவம்பரில் டிராக்டர்கள் லண்டனுக்கு வந்தன. ஒரு வருடம் இழுபறிக்குப் பிறகு, 2025 டிசம்பரில் அந்த வரம்பை 25 லட்சம் பவுண்டாக உயர்த்துவதாக அரசு இறங்கி வந்தது. வரியை 10 வருடத் தவணையில் வட்டியில்லாமல் கட்டலாம்.

விவசாயிகள் சொன்ன காரணத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மனிதன் சாவான், கம்பெனி சாகாது. தலைமுறைக்கு ஒரு தடவை வரி கட்ட நிலத்தை விற்கும் குடும்பத்திடமிருந்து, சாவே இல்லாத கம்பெனி வாங்கிப் போட்டுக்கொண்டே போகும் என்றார்கள். எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. வரியைத் தப்பிக்கவென்றே பெரும் பணக்காரர்கள் வயல் வாங்கியதால்தான் நில விலை ஏறியது என்றார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

நம் பக்கம் கதை தலைகீழ். இங்கேயும் 1953 முதல் எஸ்டேட் டூட்டி என்ற வாரிசு வரி இருந்தது, உச்ச விகிதம் 85%. 1985-ல் நிதியமைச்சர் வி.பி. சிங் அதை எடுத்தார். வருவது சுமார் 20 கோடி, அதை வசூலிக்கும் செலவு அதிகம் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 2024 தேர்தலில் காங்கிரஸின் சாம் பிட்ரோடா வாரிசு வரி பற்றி வாயைத் திறந்ததும் ஒரு வாரம் சத்தம் கேட்டது, அப்புறம் அடங்கிவிட்டது. வரி இல்லை, ஆனால் உச்சவரம்பு உண்டு. தமிழ்நாட்டில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு முதலில் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றிருந்ததை 1970-ல் 15 ஆக்கினார்கள். கம்பெனியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரு 'நபர்'தான், அதே 15 தான். தொழில் நிறுவனம் என்று அரசிடம் அனுமதி வாங்கினால் வரம்பைத் தாண்டலாம். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் பூங்கா சுமார் 2,500 ஏக்கரில் நிற்கிறது. மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க முடியாது. இங்கே விவசாயி அல்லாதவரும் வாங்கலாம்.

ஆக, அங்கே சாவுக்கு வரி, பரப்புக்கு வரம்பில்லை. இங்கே பரப்புக்கு வரம்பு, சாவுக்கு வரியில்லை. அப்படியிருந்தும் எங்கள் 11 ஏக்கர் ஏன் கரைகிறது?

அப்படியே விட்டுவைப்பது

செலவே இல்லாத வழி, அதனால் எல்லாருக்கும் பிடித்த வழி. இதற்கு ஒரு பழைய நியாயமும் உண்டு. இலங்கையில் சொத்து வைத்திருந்த அருணாசலம் செட்டியார் குடும்பத்தில் மகன் 1934-லும் அப்பா 1938-லும் இறந்தார்கள். அங்கே கூட்டுக் குடும்பச் சொத்துக்கு எஸ்டேட் டூட்டி விலக்கு. ஆண்பிள்ளை ஒருவர் மட்டும் மிஞ்சிய குடும்பம் கூட்டுக் குடும்பமா என்று கேள்வி. வழக்கு லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய் 1957-ல் தீர்ப்பு வந்தது. வீட்டுப் பெண்கள் தத்தெடுக்க வாய்ப்பு இருக்கும்வரை கூட்டுக் குடும்பம் முடிந்துவிடவில்லை, வரி இல்லை. பிரிக்காமல் இருந்தது அன்று காசு.

இன்று அந்த வரியும் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது. எங்கள் நஞ்சையைக் குத்தகைக்குப் பார்ப்பவர், புரட்டாசி மழையை நம்பிப் புழுதியில் விதைக்கிறவர். பயிர்க் கடனுக்கும் இன்சூரன்சுக்கும் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற ஊர்க் கணக்கு) கேட்கிறார்கள், அடங்கலுக்கு வி.ஏ.ஓ. பட்டாதாரர் சம்மதம் கேட்கிறார். 17 பேரில் யார் சம்மதம்? கண்மாய் மடை உடைந்தபோது ஆளுக்கு 3,000 ரூபாய் கேட்டு வாட்ஸப்பில் போட்டேன். ஆறு பேர் கும்பிடு போட்டார்கள், நான்கு பேர் பணம் போட்டார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பிரிக்காத பங்கையும் ஒருவர் வெளியாளுக்கு விற்கலாம். குடியிருக்கும் வீடு என்றால், பங்கு வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூடவே உட்கார முடியாது. சட்டம் தடுக்கிறது. வயலுக்கு அந்தக் காவல் இல்லை. நேரடி வாரிசுகளில் ஒருவர் விற்றால் மற்ற வாரிசுகளுக்கு முதல் உரிமை உண்டு, விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு வாங்கக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்தில் இப்படித்தான் ஒரு பங்கு ஒரு மனைக் கம்பெனிக்குப் போனது. அந்தக் கம்பெனி பாகம் கேட்டு வழக்குப் போட்டதும், மற்றவர்கள் அலுத்துப்போய் ஒவ்வொருவராக அதனிடமே விற்றார்கள். லண்டனில் வரி செய்யும் என்று பயந்த வேலையை இங்கே ஒரு கூட்டுப் பட்டா செய்து முடித்தது.

பிரித்து எழுதுவது

எனக்கு இதுதான் சரி. சொல்லப்போனால் நம் ஊருக்குப் புதுசும் இல்லை. கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள் வேறு வைத்து, தனி அடுப்பு, வருடத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் நாம். வளவில் (வீட்டின் உள் முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஆளுக்கு ஓர் அறை என்று அப்பச்சி இருக்கும்போதே பூட்டுச் சாவி கைமாறும். அடுப்பை வேறு வைத்த கையால் வயலை மட்டும் ஏன் வேறு வைக்கவில்லை என்று கேட்டால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள்.

செலவு பயப்படும்படி இல்லை. நெருங்கிய உறவுக்குள் பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எதுவானாலும் மதிப்பில் 1% முத்திரைத் தீர்வை, 1% பதிவுக் கட்டணம். 2023 ஜூலையில் கூட்டிய பிறகும் தீர்வை 40,000, கட்டணம் 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. பாகம் என்றால் பங்குக்கு அவ்வளவு. இதே நிலத்தை வெளியாளுக்கு விற்கும் பத்திரத்துக்கு 7%, 2% என்று மொத்தம் 9%. உடன்பிறந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். ஒன்றுவிட்டவர்கள் காலத்துக்குத் தள்ளிவிட்டால் சலுகை பொருந்துமா என்பதில் தொடங்கிச் சிக்கல்தான்.

பத்திரத்தைக் கெடுக்கும் விஷயம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஆச்சிக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்று பெண்களை விட்டுவிட்டு எழுதும் பாகம் நிற்காது. தமிழ்நாட்டில் 1989-லேயே கல்யாணமாகாத பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற சந்தேகத்தையும் 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. எங்கள் 17-ல் ஏழு பேர் பெண்கள். கையெழுத்து வாங்கப் போனால் முதலில் காப்பி கொடுத்து உட்கார வைக்கிறவர்களும் அவர்கள்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. வெளிநாடுவாழ் இந்தியரோ, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. கார்டு வைத்திருப்பவரோ, இங்கே விவசாய நிலம் வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. வாரிசாக மட்டும் வரலாம். அதனால் சிங்கப்பூர் மகன் பெயருக்கு வயலைச் செட்டில்மெண்ட் எழுதுவது தப்பு, உயில்தான் வழி. ஏற்கெனவே வாரிசாக வந்த பங்கை இங்கே இருக்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ அவர்கள் விட்டுக்கொடுக்கலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், டிக்கெட் தேவையில்லை. பெற்றோர் பக்கமும் ஒரு பாதுகாப்பு: கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைச் செட்டில்மெண்டிலேயே எழுதிக்கொண்டால், கைவிட்டால் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். எழுதச் சங்கடப்படுவார்கள். சங்கடப்பட்டாலும் எழுதுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. 6 ஏக்கர் நஞ்சையை 17 ஆக வெட்டினால் ஆளுக்கு 35 சென்ட், வரப்புதான் மிஞ்சும். அதனால் நாங்கள் ஐயாவின் நான்கு பிள்ளைகள் வழியாக நான்கு துண்டு மட்டும் என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு கிளையிலும் இங்கே இருக்கிற ஒருவருக்கு மற்றவர்கள் விடுதலை எழுதுவது, பணமோ நகையோ அவர்களுக்குள் தீர்த்துக்கொள்வது.

குடும்பக் கம்பெனி

சென்னையில் ஆடிட்டராக இருக்கும் மைத்துனர் கொண்டுவந்த யோசனை. நிலத்தை ஒரு பிரைவேட் லிமிடெட் பெயரில் எழுதி, எல்லாருக்கும் ஷேர். வயல் துண்டாகாது, ஷேர்தான் துண்டாகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பெனிக்கு எழுதுவது விற்பனை மாதிரி, குடும்பச் சலுகை கிடைக்காது. ஏக்கர் 5 லட்சம் என்று கணக்குக்கு வைத்தால் 55 லட்சத்துக்கு 9%, கிட்டத்தட்ட 5 லட்சம் முதல் நாளே போச்சு. வருடாவருடம் ஆடிட், தாக்கல். போதாக்குறைக்கு, விவசாயம் செய்யும் கம்பெனியில் வெளிநாடுவாழ் இந்தியர் முதலீடு செய்யத் தடை. எங்களில் ஐந்து பேர் வெளிநாட்டில். 11 ஏக்கருக்கு இது யானைக்குட்டி வளர்ப்பது போல.

வெளிக் கம்பெனிக்குக் கொடுப்பது

புஞ்சைக்கு இரண்டு பேர் கேட்டார்கள், ஒருவர் தைல மரத்துக்கு, ஒருவர் சோலாருக்கு. நெல்லுக்குக் குத்தகை விட்டு வரும் பணம் விவசாய வருமானம், வருமான வரி இல்லை. அதே நிலத்தைச் சோலாருக்கு விட்டால் வாடகைக்கு வரி உண்டு. தொகை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் 25 வருடத்துக்குக் குறைவாக வருவதில்லை. இன்று கையெழுத்துப் போடும் 17 பேரில் அது முடியும்போது எத்தனை பேர் இருப்பார்கள்? அப்போது பட்டாவில் 40 பெயர் இருக்கும். பிரிக்காமல் கொடுக்கவே கூடாத இடம் இதுதான். பிரித்துவிட்டு, தரிசாகக் கருவேலம் மண்டிக் கிடக்கும் துண்டை அதன் சொந்தக்காரர் கொடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். தைல மரத்துக்கு மட்டும் மனசு வரவில்லை. வெட்டி முடித்தபின் தூரைப் பிடுங்கும் செலவு நம் தலையில்.

கம்பெனி நிலம் வைப்பது கெட்டது என்று செட்டிநாட்டில் உட்கார்ந்து சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமும் வேண்டும். கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நம் செட்டியார்களின் வட்டிக் கடைகள் கையில் இருந்த நிலம் 6%. நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல், 1938-ல் அது 25%. விலாசம் போட்ட கடைகள், மேலாள், அடுத்தாள் என்று சம்பள ஆட்களை வைத்து நடத்தியவர்கள், அதில் ஒரு நாற்றும் நட்டவர்கள் இல்லை. யுத்தம் வந்தது, 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது, கணக்குப் புத்தகம் மட்டும் ஊர் திரும்பியது. அங்கே உழுதவன் நம்மை எப்படிப் பார்த்திருப்பான் என்று இன்று சோலார் புரோக்கர் பைக்கில் வந்து இறங்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனி பற்றியும் கேட்டார்கள். அது நிலம் வாங்க அல்ல, விதை வாங்க, நெல் விற்க. பத்துப் பேர் இருந்தால் தொடங்கலாம். ஆனால் உறுப்பினர் விளைவிப்பவராக இருக்க வேண்டும். எங்கள் குத்தகைக்காரர் சேரலாம், எங்களுக்கு அங்கே வேலை இல்லை.

போன வாரம் சர்வேயர் வந்தார். கிழக்குக் கல் இருந்தது, மேற்குக் கல்லைக் கருவேலத்துக்குள் ஒரு மணி நேரம் தேடி எடுத்தோம். பாதி மண்ணுக்குள், மேலே ஆட்டுக்கிடைக்காரர் கயிறு கட்டிய தடம். இங்கிலாந்துத் தம்பியை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பங்கைத் தங்கச்சிக்கு எழுதுவதாக முன்பே ஒத்துக்கொண்டவன். கல்லைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து மடைக்கு எத்தனை அடி அண்ணே என்று கேட்டான். சர்வேயரிடம் டேப்பை வாங்கி அளந்து, 62 என்றேன்.