தக்கலைப் பக்கம் பைக் சர்வீஸ்: பட்டாளத்து அண்ணன் ஒர்க்‌ஷாப்

தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் ரோட்டில் இருக்கும் சின்ன ஒர்க்‌ஷாப் இது, போர்டு கூட பெரிதாக இல்லை, பட்டாளத்து அண்ணன் கடை என்று யாரிடம் கேட்டாலும் கை காட்டுவார்கள். அண்ணன் 16-வது லைட் கேவல்ரியில் டாங்கி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். குதிரைகளோடு தொடங்கி 1965 போரில் சியால்கோட் பகுதியில் செஞ்சூரியன் டாங்கிகளோடு சண்டை போட்ட ரெஜிமென்ட் அது, தென்னிந்தியர்கள் நிறைய சேரும் படை.

ராஜஸ்தான் மணலில் டாங்கி ஓட்டியவர் என்பதாலோ என்னவோ, வண்டியை விட்டதும் முதலில் ஏர் ஃபில்டரைத்தான் கழற்றுவார். நம்ம ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும், குளச்சல் பக்கம் உப்புக் காற்று வேறு, அதனால் செயின், பிரேக் கேபிள் எல்லாவற்றையும் துரு பார்த்துத் துடைத்து எண்ணெய் விட்டுத்தான் தருகிறார். செயின் செட் மாற்றச் சொன்னேன். "மக்களே, இப்ப மாத்தாண்டாம், இன்னும் ஓடும்" என்றார். முன்பு போன வேறொரு கடையில் அதே செயினுக்கு முழு செட் விலை சொல்லியிருந்தார்கள். மாற்றிய பழைய பாகங்களை ஒரு தட்டில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார், இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

நவம்பரில் மட்டும் கொஞ்சம் தாமதமாகும். பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம் அது, பட்டாளக்காரர்களின் வயதான மனைவிமார் ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் பதியத் தெரியாமல் இவரிடம்தான் வருவார்கள், ஸ்பேனரை வைத்துவிட்டு போனோடு உட்கார்ந்துவிடுவார். காத்திருக்கலாம், தப்பில்லை.

ஞாயிறு லீவு. முந்தின நாளே சொல்லிவிட்டுப் போங்கள், ஜிபே உண்டு.