பாங்காக்கிலிருந்து ஒரு நாள் பயணங்கள்: ஏழாண்டு அனுபவம்

பாங்காக்கிற்கு வேலையாக வந்து ஏழாண்டுகள் ஆகின்றன. கொரோனாக் காலம் நீங்கலாக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நகரத்தைவிட்டு வெளியே போய், இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவது என்ற வழக்கத்தை நான் விட்டதில்லை. சொந்த வண்டி இல்லாததால் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பு ரயிலிலும், அது போகாத இடங்களுக்கு இங்கே 'ரோட் டூ' எனப்படும் வேனிலும் போகிறேன். இப்படிப் போவதற்கு நான் திட்டமிடும் முறை இந்த ஏழாண்டுகளில் எவ்வளவு தூரம் கைகொடுத்தது, எங்கெல்லாம் காலை வாரியது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் எல்லோரையும் போலவே வரைபடத்தைப் பார்த்துக் கிலோமீட்டர் கணக்கில்தான் ஊர்களைத் தேர்ந்தெடுத்தேன். அயுத்தயா 80 கிலோமீட்டர், நக்கோன் பத்தோம் 56 கிலோமீட்டர் என்று குறித்துக்கொண்டு, அருகில் இருப்பது எளிது, தொலைவில் இருப்பது கடினம் என்று நினைத்தேன். அது முழுத் தவறு என்று புரிய நான்கைந்து பயணங்கள் தேவைப்பட்டன. இந்த நகரத்திலிருந்து வெளியேறப் பல வாசல்கள், அதாவது ரயிலும் வேனும் புறப்படும் நிலையங்கள், இருக்கின்றன. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாசல்தான் சரியாகப் பொருந்தும். அந்த வாசல் நம் வீட்டிலிருந்து நகரத்தின் மறுமுனையில் இருந்தால், 56 கிலோமீட்டர் தூரத்து ஊர்கூட 130 கிலோமீட்டர் தூரத்து ஊரைவிட எட்டாததாகிவிடும். ஆகவே இப்போதெல்லாம் ஊரை முடிவு செய்வதற்கு முன் வாசலை முடிவு செய்கிறேன். அதன்பின் திரும்பிவரும் வண்டியின் நேரத்தைப் பார்க்கிறேன். போகும் வண்டியைப் பார்ப்பது மூன்றாவது வேலைதான்.

வாசல்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். 1916-இல் திறக்கப்பட்ட ஹுவா லம்போங் நிலையம் நெடுங்காலம் நகரத்தின் தலைமை நிலையமாக இருந்தது. 2023 ஜனவரி 19 முதல் தொலைதூர ரயில்கள் பாங் சூவிலுள்ள க்ருங் தேப் அபிவத் என்ற புதிய பெருநிலையத்துக்கு மாற்றப்பட்டன. சாதாரண ரயில்கள் பழைய நிலையத்திலேயே தொடர்ந்தன. இரண்டு நிலையங்களும் எம்.ஆர்.டி. என்ற நகர மெட்ரோ ரயிலின் நீல வழித்தடத்தில் இருப்பது ஓர் ஆறுதல். காலையில் ஹுவா லம்போங்கில் ஏறி, மாலையில் கைக்குக் கிடைத்த முதல் ரயிலைப் பிடித்தால், அது நம்மை வேறு நிலையத்தில் இறக்கிவிடக்கூடும். நான் ஒருமுறை இரவல் மோட்டார் சைக்கிளைப் பழைய நிலையத்தருகே நிறுத்திவிட்டு, திரும்பும்போது புதிய நிலையத்தில் இறங்கி விழித்துக்கொண்டு நின்றேன்.

பெயர் மயக்கம் அதைவிடக் கொடியது. காஞ்சனபுரிக்கு ரயில் புறப்படுவது தொன்புரி நிலையத்திலிருந்து. ஆனால் பி.டி.எஸ். என்ற உயர்மட்ட நகர ரயிலின் வழித்தடத்தில் க்ருங் தொன்புரி என்று ஒரு நிலையம் இருக்கிறது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரயில் நிலையம் சிரிராஜ் மருத்துவமனைக்குப் பின்புறம், ஒரு காய்கறிச் சந்தையை ஒட்டிச் சிறிதாக இருக்கும். அதேபோல வோங்வியன் யாய் என்ற பெயரில் பி.டி.எஸ். நிலையமும் ரயில் நிலையமும் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்கப் பத்துப் பதினைந்து நிமிடங்களாவது ஆகும். முன்பு நகரத்துக்குள் வெற்றிச் சின்னம் என்ற நினைவுச் சின்னத்தைச் சுற்றி நின்ற வேன்கள் 2016-இல் மோ சித், எக்கமாய், தெற்குப் பேருந்து நிலையம் ஆகிய மூன்று இடங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டுவிட்டன. பழைய பயணக் குறிப்புகளை நம்பி வெற்றிச் சின்னத்தில் போய் நிற்பவர்களை அதன்பின்னும் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கில் எல்லாவற்றிலும் எளியது அயுத்தயா. அது எளிதாக இருப்பதற்குக் காரணம் அதன் தூரம் அன்று. வடக்கே போகும் தடமும் வடகிழக்கே போகும் தடமும் அயுத்தயாவைத் தாண்டி, பான் பாச்சி சந்திப்பில்தான் பிரிகின்றன. எனவே இரண்டு தடங்களின் ரயில்களும் இந்த ஊர் வழியாகவே வந்தாக வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் இன்னொன்று வரும். திட்டமிடத் தெரியாதவரையும் மன்னிக்கும் ஊர் இது. அதனால்தான் புதிதாக வரும் நண்பர்களை முதலில் இங்கே அனுப்புகிறேன். நிலையத்திலிருந்து நேரே நடந்து பா சாக் ஆற்றைச் சிறு படகில் கடந்து, மறுகரையில் வாடகைக்கு மிதிவண்டி எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு போன்ற அந்தப் பழைய நகரம் 1350 முதல் 1767 வரை, பர்மியப் படைகளிடம் வீழும்வரை, தலைநகராக இருந்தது. அயோத்தியின் பெயரைத் தாங்கிய நகரத்தில் ராமாதிபதி என்ற பெயரில் மன்னர்கள் ஆண்டார்கள் என்பது நம்மவர்களுக்குச் சொல்லாமலே பிடித்துப்போகிறது.

ஆனால் இங்கே எல்லாக் கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்ற பேராசையே பயணத்தைக் கெடுக்கிறது. சிதைந்த செங்கல் கோபுரங்கள் நான்காவது கோயிலுக்குப் பிறகு ஒன்றுபோலவே தெரியத் தொடங்கிவிடும். வேருக்குள் புத்தர் தலை சிக்கிய மரம் இருக்கும் வாட் மகாதாட், அதற்கு எதிரே 1424-இல் கட்டப்பட்ட வாட் ராட்சபுரான, மூன்று ஸ்தூபிகள் வரிசையாக நிற்கும் வாட் ப்ரா ஸ்ரீ சன்பெத் ஆகிய மூன்றும் ஒரு முற்பகலுக்குப் போதும். நண்பகல் வெயிலில் மிதிவண்டி மிதிப்பதை நான் மூன்றாம் முறைக்குப் பிறகு விட்டுவிட்டேன். பதினொன்றரைக்கு ஏதாவது நிழலில் அடங்கிவிட்டு மூன்று மணிக்கு மேல் கிளம்புவதே உடம்புக்கு நல்லது. 1630-இல் எழுந்த வாட் சைவத்தனாராம் தீவுக்கு வெளியே, ஆற்றின் மேற்குக் கரையில் இருப்பதால், அந்தப் பிற்பகலுக்கு அது மட்டும் சரியாக இருக்கும். இங்குள்ள முஸ்லிம் கடைகளில் விற்கும் 'ரோட்டி சாய் மாய்' என்ற தின்பண்டத்தை மறக்க வேண்டாம்: மெல்லிய ரொட்டிக்குள் பஞ்சுமிட்டாய் போன்ற சர்க்கரை இழைகளை வைத்துச் சுருட்டிச் சாப்பிடுவது. மாலை ஆறு மணிக்கு நிலையத்தில் தேசிய கீதம் ஒலிக்கும். அப்போது எல்லோருடனும் எழுந்து நிற்க வேண்டும்.

மே க்ளோங் சந்தையின் சுபாவம் இதற்கு நேர்மாறு, அது மன்னிக்காது. தண்டவாளத்தின் மேலேயே காய்கறியும் மீனும் பரப்பியிருக்க, ரயில் வரும்போது கடைக்காரர்கள் கூரைத்துணிகளை மடக்கி வழிவிடும் காட்சியைப் படத்தில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். பெரும்பாலோர் வேனில் போய்ச் சந்தையில் நின்று ரயிலைப் பார்க்கிறார்கள். அந்த ரயிலுக்குள்ளேயே உட்கார்ந்து போவதுதான் சரியான அனுபவம் என்பது என் துணிபு. ஆனால் அந்தத் தடம் இரண்டு துண்டுகளாகக் கிடக்கிறது; நடுவே தா சின் ஆறு. வோங்வியன் யாயிலிருந்து மகாசாய் வரை ஒரு மணி நேர ரயில், ஆற்றைக் கடக்கப் படகு, அக்கரையில் பத்து நிமிட நடை, பிறகு பான் லேம் என்ற சின்னஞ்சிறு நிலையத்திலிருந்து மே க்ளோங்குக்கு இன்னொரு மணி நேர ரயில். ரயில் கட்டணம் ஒவ்வொரு துண்டுக்கும் 10 பாட். இந்த இரண்டாவது துண்டில் நாளொன்றுக்கு நான்கு முறைதான் வண்டி. நான் போன நாள்களில் எல்லாம் அவை காலை 7.30, 10.10, பிற்பகல் 1.30, 4.40 என்ற நேரங்களில் புறப்பட்டன. ஆகவே 10.10 வண்டிதான் பயணத்தின் ஆணிவேர். வோங்வியன் யாயில் எட்டரை மணிவாக்கில் புறப்படும் ரயில் அதற்குச் சரியாக இணையும், இடையில் எங்கும் நிற்காவிட்டால்.

நான் நின்றேன். மகாசாய் மீன் சந்தையில் கருவாட்டு வகைகளை எண்ணிக்கொண்டிருந்ததில் படகு ஒன்று போய்விட்டது. பான் லேமில் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தண்டவாளத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அடுத்த ரயிலுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதன்பின் மகாசாய்க்கு எப்போதும் ஒரு வண்டி முன்னதாகவே போய்விடுகிறேன்; மீன் சந்தையை நிதானமாகப் பார்க்க அதுவே வழி. மே க்ளோங்கிலிருந்து ரயிலிலேயே திரும்புவதும் உண்டு. வாரக்கடைசியானால், இருபுறமும் இருக்கை போட்ட 'சொங்தேவ்' வண்டியில் அருகிலுள்ள அம்பாவாவின் மாலைநேர மிதவைச் சந்தைக்குப் போவதும் உண்டு. அம்பாவாவிலிருந்து இரவில் திரும்புவதில்தான் ஒருமுறை சிக்கிக்கொண்டேன்: இருக்கை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிய வேன்காரர் ஒருவர், கூட்டம் சேர்ந்ததும் எங்களைக் கடைசி வண்டிக்குத் தள்ளிவிட்டார். இப்போதெல்லாம் அம்பாவாவில் இறங்கியவுடனே திரும்பும் வேனுக்கு நேரம் குறித்த சீட்டை வாங்கிய பிறகுதான் சந்தைக்குள் நுழைகிறேன்.

காஞ்சனபுரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தொன்புரியிலிருந்து காலை எட்டு மணிக்குச் சற்று முன்னர் புறப்படும் ரயில், பத்தரை மணிவாக்கில் காஞ்சனபுரியையும், பன்னிரண்டரை மணிவாக்கில் கடைசி நிலையமான நாம் தோக்கையும் அடைகிறது. வெளிநாட்டவருக்கு எங்கே இறங்கினாலும் 100 பாட். அன்றே பாங்காக் திரும்ப ஒரே ஒரு ரயில்தான்: நாம் தோக்கில் ஒரு மணிக்குச் சற்று முன்பு கிளம்பி, காஞ்சனபுரியில் மூன்று மணிக்குச் சற்று முன்பு நின்று, ஆறு மணிக்குள் தொன்புரி சேரும். இந்த ஒரு ரயிலை வைத்துக் கணக்குப் போட்டால் உண்மை விளங்கும். காஞ்சனபுரி நகரத்தில் இறங்கினால் குவாய் ஆற்றுப் பாலத்தையும் போர்க் கல்லறைத் தோட்டத்தையும் பார்க்க நான்கு மணி நேரம் கிடைக்கும். நாம் தோக் வரை போனால் அங்கே இருபது நிமிடம்தான், ஆனால் தம் கிரசேயில் பாறைச் சரிவை ஒட்டிய மரப்பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்து போகும் காட்சி கிடைக்கும். இரண்டையும் ஒரே நாளில் அடைய முயல்வது வீண். இவை இரண்டு வெவ்வேறு பயணங்கள். மரப்பாலத்துக்காகப் போகிறவர்கள் போகும்போது இடப்பக்க சன்னலில் உட்கார வேண்டும். ஆறு அந்தப் பக்கம்தான்.

நான் முதல் பயணத்தையே பெரிதும் விரும்புகிறேன். நம்மவர்கள் சயாம் மரண ரயில் என்று சொல்வது இந்தப் பாதையைத்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை 1942-43-இல் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயத் வரை 415 கிலோமீட்டருக்கு இதை அமைத்தது. நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்கு 6,982 கல்லறைகள், ஒவ்வொன்றின்மேலும் ஒரு பலகை, பூச்செடி. போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். காலராவிலும் பட்டினியிலும் செத்த அவர்களுக்கு இந்தத் தோட்டத்தில் இடமில்லை. என் தந்தையார் இங்கு வந்திருந்தபோது வரிசை வரிசையாகப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனார். கடைசி வரிசையை முடித்துவிட்டு, "நம்ம ஆளுங்க பேரு ஒண்ணும் இல்லையேப்பா" என்றார். அதற்குப் பிறகு பக்கத்திலுள்ள தாய்லாந்து-பர்மா ரயில்பாதை மையம் என்ற அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். வருகிறவர்கள் பாலத்துக்கு ஓடுவதற்கு முன் அங்கே ஒரு மணி நேரமாவது செலவிட வேண்டும் என்று சொல்வேன். பாலத்தில் வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை. நடுவே நேர்கோட்டில் உள்ள இரண்டு சட்டங்கள் குண்டுவீச்சில் உடைந்ததற்குப் பதிலாகப் போருக்குப் பின் வைக்கப்பட்டவை. இது தெரிந்து பார்த்தால் பாலம் வேறாகத் தெரியும்.

வயதானவர்களுடன் போவதென்றால் நக்கோன் பத்தோம். முதல் நகரம் என்று பொருள்படும் இந்த ஊரின் பெயரில் 'நகர', 'ப்ரதம' என்ற சொற்களைக் கேட்கலாம். ரயிலைவிட்டு இறங்கினால் நேர்ச் சாலையின் முடிவில் 120 மீட்டர் உயர ஸ்தூபி தெரியும். வழி கேட்க வேண்டியதே இல்லை. சயாம் மன்னர் மோங்குட் 1853-இல் தொடங்கிய திருப்பணி அவருடைய மகன் காலத்தில் 1870-இல் முடிந்தது. மூங்கில் குழாய்க்குள் பசையரிசியும் தேங்காய்ப்பாலும் இட்டுச் சுட்ட 'காவ் லாம்' இந்த ஊரில் பெயர்பெற்றது. மூங்கில் புட்டைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகவே தோன்றாது. சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: காய்கறி மட்டும் போட்ட குழம்பிலும் மீன் சாறு இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பாக 'ஜே' என்ற எழுத்துள்ள கடையைத் தேடுங்கள். அது கிடைக்காத ஊர்களில் சுட்ட வாழைப்பழமும் பசையரிசியும்தான் என் துணைவியாரைக் காப்பாற்றியிருக்கின்றன.

பருவத்தைப் பொறுத்தவரை நவம்பர் முதல் பிப்ரவரி வரை தயங்காமல் கிளம்பலாம். ஆனால் ஜனவரிக்குப் பிறகு புகைமூட்டம் மிகுந்த நாள்களில் மிதிவண்டிப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறேன். செப்டம்பர், அக்டோபரில் அயுத்தயா பக்கம் ஆற்று மட்டத்தைக் கேட்டறிந்த பின்பே போவேன். தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான் விடுமுறை நாள்களில், ஏப்ரல் 13 முதல் 15 வரை, எந்த வாசலுக்கும் போவதில்லை.

இந்த முறைக்கு எட்டாத இடங்களும் உண்டு. ஐராவதத்தின் பெயரைத் தாங்கிய எராவான் அருவியின் ஏழு படிநிலைகளையும் ஒரே நாளில் ரயிலில் போய்ப் பார்த்துத் திரும்ப முடியாது. காஞ்சனபுரியிலிருந்தே பேருந்தில் ஒன்றரை மணி நேரம், அத்துடன் மேல்நிலைகளைப் பிற்பகலிலேயே மூடிவிடுகிறார்கள். இருமுறை முயன்று ஐந்தாம் நிலையோடு இறங்கிவந்த பிறகு, அதற்கு ஓர் இரவு தங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். காவ் யாய் தேசியப் பூங்காவும் அப்படியே. நான்கு பேர் சேர்ந்தால் ஓட்டுநருடன் கார் அமர்த்திக்கொள்வதே மேல். அப்போதும் காலை ஆறு மணிக்குள் நகரத்தைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்று ஓட்டுநரிடம் முதல்நாள் இரவே சொல்லிவைக்கிறேன்.