ஜன்னலை விடுங்கள், பரணைப் பார்க்கச் சொல்லுங்கள்: அமெரிக்காவின் இலவச வெதரைசேஷன் சேவை

குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளில் காற்றுக் கசிவை அடைத்து, எரிபொருள் வீணாகாமல் செய்துகொடுக்க 1976 முதல் அமெரிக்காவில் இருந்துவரும் வெதரைசேஷன் அசிஸ்டன்ஸ் புரோகிராம் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "புது ஜன்னல் போட்டுத் தருவார்களா?" என்பதுதான். பெரும்பாலும் மாட்டார்கள். ஒரு வேலைக்கு ஆகும் செலவை, அதனால் மிச்சமாகும் எரிபொருள் காலப்போக்கில் ஈடுகட்ட வேண்டும் என்பது விதி. ஜன்னல் அந்தக் கணக்கில் அநேகமாகத் தேறுவதில்லை. அதை வைத்து இந்தச் சேவையைக் குறைத்து எடைபோட வேண்டாம். கண்ணில் படாத இடங்களில் செய்யும் வேலைதான் இதில் உண்மையான லாபம்.

முதல் நாள் ப்ளோயர் டோர் சோதனை நடக்கும். வாசல் கதவில் பெரிய ஃபேனைப் பொருத்தி, உள்ளழுத்தத்தை வெளியைவிட 50 பாஸ்கல் குறைத்து, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று கசிகிறது என்று அளப்பார்கள். வேலைக்கு முன் ஒரு எண், முடிந்தபின் ஒரு எண். இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை எப்படி நடந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை.

வேலையின் வரிசை ரொம்ப முக்கியம். பரணில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தில், இன்சுலேஷன் (வெப்பம் கடக்காமல் தடுக்கும் பொருள்) கொட்டுவதற்கு முன்பே அங்குள்ள ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும்: குழாய்கள் மேலேறும் துளை, சுவர்களின் தலைப்பகுதி, பரண் மூடி. இன்சுலேஷனாகக் கொட்டும் செல்லுலோஸ் (காகிதத் துகள்) மட்டும் காற்றைத் தடுக்காது. மேலே கொட்டியபின் ஓட்டையைத் தேடவும் முடியாது. புகைபோக்கியைச் சுற்றி ஃபோம் அடித்தால் தீ ஆபத்து; அங்கே தகரமும் வெப்பம் தாங்கும் பூச்சும்தான் சரி. கூரை ஓரத்துக் காற்றுத் துவாரங்களை இன்சுலேஷன் மூடிவிடாதபடி தடுப்பு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். மூடினால் பரணில் ஈரம் தங்கும். சுவருக்குள் செல்லுலோஸைக் கன அடிக்கு சுமார் 3.5 பவுண்டு அடர்த்தியில் அழுத்தி நிரப்ப வேண்டும். தளர்வாக நிரப்பினால் நாளடைவில் கீழே இறங்கி மேலே வெற்றிடம் விழும். சூடான, குளிர்ந்த காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் டக்ட் குழாய்களின் இணைப்புகளுக்கு மாஸ்டிக் என்ற அடைப்புப் பசை பூச வேண்டும். துணி டேப் சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும்.

பலருக்கு ஏமாற்றம் தரும் இடம் 'ஒத்திவைப்பு'. கூரை ஒழுகினாலோ, பூஞ்சை பரவியிருந்தாலோ, வேலையைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள். பீங்கான் குமிழ்களிலும் குழாய்களிலும் கம்பியைத் தாங்கவைக்கும் பழங்கால 'நாப் அண்ட் டியூப்' வயரிங் இருந்தாலும் சிக்கல்தான்: அந்தக் கம்பி சுற்றியுள்ள காற்றில்தான் சூடாறுகிறது, மேலே இன்சுலேஷன் போர்த்தினால் பற்றிக்கொள்ளக்கூடும். இந்தக் கண்டிப்பு நியாயமானது. ஆனால் கூரையைச் சரிசெய்யக் கையில் பணமில்லாத குடும்பம்தான் இங்கே விண்ணப்பிக்கிறது என்பதால், இதுவே சேவையின் பெரிய பலவீனமும் ஆகிறது. இத்தகைய பழுதுகளுக்கென்றே 2022-இல் தனி நிதி தொடங்கினார்கள். ஒத்திவைத்தால் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: வெதரைசேஷன் ரெடினெஸ் ஃபண்ட்.

தகுதிக்கு, மத்திய வறுமைக்கோட்டின் 200 சதவீதத்துக்குள் வருமானம் இருந்தால் போதும். முதியவர், மாற்றுத்திறனாளி, குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு முன்னுரிமை உண்டு. வாடகை வீட்டுக்கு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இந்த வேலையைக் காரணம் காட்டி அவர் உடனே வாடகையை ஏற்றக்கூடாது. விண்ணப்பம் உள்ளூர் ஏஜென்சி வழியாகப் போகும். காத்திருப்பு நீளும் என்பதால் வருமானச் சான்று, மின்சார மற்றும் கேஸ் பில்கள், வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம் மூன்றையும் முதலிலேயே முழுமையாகக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டை இறுக்கியபின் எல்லா எக்ஸாஸ்ட் ஃபேன்களையும் ஓடவிட்டு, கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகை வெளியேறுகிறதா, உள்ளே திரும்புகிறதா என்று சோதிப்பார்கள். திரும்பினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தேங்கும். இந்தச் சோதனை முடியாமல் அவர்களை அனுப்பாதீர்கள். பாத்ரூமில் தொடர்ந்து ஓடும்படி புது ஃபேன் வைத்திருந்தால், கரண்ட் மிச்சம் என்று அதை அணைத்துவிடவும் வேண்டாம். ஓட்டைகள் அடைபட்ட வீட்டில் ஈரக்காற்று வெளியே போக அதுதான் வழி.