எலும்புப்புரை நெறிமுறைகளில் நோயாளியின் குரல்: மூன்று வழிகள், வேலூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய்க்கான சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும்போது நோயாளிகளையும் கேட்க வேண்டும் என்பதை இன்று அநேகமாக எவரும் மறுப்பதில்லை. நெறிமுறைகளின் தரத்தை மதிப்பிடப் பல நாடுகளில் பயன்படும் அக்ரீ 2 அளவுகோலின் 23 கூறுகளில் ஒன்று, அவை யாருக்காக எழுதப்படுகின்றனவோ அவர்களுடைய கருத்தும் விருப்பமும் நாடப்பட்டனவா என்பதுதான். எந்தக் கட்டத்தில், எவ்வாறு கேட்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. வரைவை வெளியிட்டுக் கருத்துக் கோரலாம்; நெறிமுறையை எழுதும் குழுவிலேயே நோயாளிகளை உறுப்பினராக்கலாம்; எழுதத் தொடங்கும் முன்பே மக்களிடம் சென்று கலந்துரையாடலாம். 2019 வரை ஒரே மாவட்டமாக இருந்த வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதிக்கு இவற்றுள் எது பொருந்தும் என்பதே என் கேள்வி.

வரைவுக்குக் கருத்துக் கோருவது செலவு குறைந்த வழி. இங்கே மிகக் குறைவாகப் பயன் தரும் வழியும் அதுவே. நீண்ட ஆங்கில ஆவணத்தை இணையத்தில் படித்துப் பதில் எழுதக்கூடியவர்கள் சிலரே. அதைவிடப் பெரிய குறை, வரைவு வெளிவரும்போது எந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவது என்பது முன்பே முடிவாகியிருக்கும் என்பது.

குழுவில் உறுப்பினராக்கும் முறைக்கு வலுவான முன்னுதாரணங்கள் உள்ளன. இங்கிலாந்தில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் நிறுவனம் தன் நெறிமுறைக் குழுக்களில் மருத்துவத் துறை சாராத குறைந்தது 2 பேரைச் சேர்க்கிறது. கனடாவில் 2023-இல் வெளியான எலும்புப்புரை நெறிமுறையின் உருவாக்கத்திலும் நோயாளிகள் பங்கெடுத்தார்கள். ஒரு சிகிச்சையால் கிடைக்கும் நன்மை அதன் தொல்லைக்கு ஈடாகுமா என்று குழு எடைபோடும் அந்த நேரத்திலேயே, அதை அனுபவித்த ஒருவர் குறுக்கிட்டுப் பேச முடிவது இதன் பெரும் பலம். ஆனால் யாரை அமர்த்துவது? வேலூரின் சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் காத்திருப்போரில் கணிசமானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். அங்கிருந்து தேர்ந்தெடுத்தால் குடியாத்தத்துப் பீடித் தொழிலாளியின் நிலை குழுவுக்கு எட்டாமலே போகலாம். அவரையே அமர்த்தினாலும், சுற்றியிருக்கும் வல்லுநர்களிடையே, ஆங்கிலத்தில் நடக்கும் விவாதத்தில், அவர் வாய் திறப்பது எளிதன்று.

ஆகவே மூன்றாவது வழியை இங்கு முதன்மையாகக் கருதுகிறேன். மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. அவை கூடும் நாளில் தமிழில் உட்கார்ந்து பேசினால், மருந்து ஆய்வுகளில் இடம்பெறாத பல செய்திகள் வெளிவர வழியுண்டு. ஆய்வுகள் பெரும்பாலும் எலும்பு அடர்த்தியையும் முறிவுகளின் எண்ணிக்கையையும் அளக்கின்றன. தரையில் அமர்ந்து எழ முடியுமா, துணையின்றிக் கழிப்பறைக்குப் போக முடியுமா, மருமகளுக்குப் பாரமாகிவிடுவேனா என்பவை வயதான பெண்ணின் அளவுகோல்களாக இருக்கலாம். முதுகெலும்பு பலவீனமானவர்கள் அடிக்கடி முன்குனிவதைத் தவிர்க்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. நாற்று நடுவதும், நிலக்கடலை பறிப்பதும், குட்டைத் துடைப்பத்தால் வாசல் பெருக்குவதும் குனிந்தே செய்யும் வேலைகளாக இருக்க, எதை எப்படி மாற்றிச் செய்யலாம் என்று சொல்லாத நெறிமுறை அவர்களுக்கு எவ்விதத்தில் உதவும்?

மருந்துத் தேர்விலும் இதே நிலைதான். வாரம் ஒருமுறை விழுங்கும் 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டும் எடுத்து, குறைந்தது அரை மணி நேரம் படுக்காமலும் எதையும் உண்ணாமலும் இருக்க வேண்டும், தேநீர் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் 5 மில்லிகிராம் சோலெட்ரோனிக் அமிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் முதல் முறை ஏற்றிய பிறகு சிலருக்குச் சில நாட்கள் காய்ச்சலும் உடல்வலியும் வருவதால், தினக்கூலிக்காரருக்கு அந்த நாட்களின் வருமானம் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை மாற்று மருந்தின்றி நிறுத்தினால் எலும்பு அடர்த்தி விரைவாகக் குறைந்து முதுகெலும்பு முறிவுகள் நேரலாம். அறுவடைக் காலத்தில் மருத்துவமனைக்கு வர இயலாதவருக்கு அதை முதல் தேர்வாக எழுதலாமா என்ற கேள்விக்கு, அவரையே கேட்காமல் விடை காண முடியாது.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருப்பவர் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கு வரமாட்டார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் வீடுகளுக்கே செல்வதால், அவர்களின் துணையோடு அத்தகையோரையும், அவர்களைப் பராமரிப்பவர்களையும் சந்திக்க வேண்டும். இன்னொன்று, கலந்துரையாடலின் முடிவுகள் வெறும் அறிக்கையாக ஒப்படைக்கப்பட்டால் பின்னிணைப்பில் முடங்கிவிடும். அவற்றுக்காக வாதிட நெறிமுறைக் குழுவில் ஆள் தேவை. எனவே அந்தக் கலந்துரையாடல்களிலிருந்தே இருவரையோ மூவரையோ குழுவுக்கு அனுப்புவது சரியாக இருக்கும். அவர்களுக்கு அன்றைய கூலியும் பயணச் செலவும் தர வேண்டும். மருந்தின் பலனை விழுக்காடாகச் சொல்லாமல், மருந்து எடுக்கும் நூறு பெண்களில் எத்தனை பேருக்கு முறிவு தடுக்கப்படுகிறது என்ற வகையில் தமிழில் முன்கூட்டியே விளக்க வேண்டும். இறுதி வடிவம் அச்சாகும் முன், எந்தக் கருத்து ஏற்கப்பட்டது, எது எக்காரணத்தால் விடப்பட்டது என்பதை அதே ஊர்களுக்குச் சென்று நேரில் சொல்வதும் குழுவின் பணியாக வேண்டும்.