பவுடர் புட்டியா, வாளி ஃபில்லரா? எங்கட உப்புக்காத்துக்கு எது நிக்கும்

பொங்கலுக்கு முதல் வீட்டுக்கு பெயின்ற் அடிக்கோணும் எண்டு எல்லாரும் மார்கழியிலதான் வெளிக்கிடுறம், ஆனா திருகோணமலையில சுவர் நல்லா ஊறிக் கிடக்கிற மாசமே அதுதான். அக்கா வீட்டு அறைக்கு அப்பிடி அவசரப்பட்டு, பெயின்றுக்கு முதல் சுவரை மட்டமாக்கப் பூசுற புட்டியில ரெண்டு வகையும் பூசினம், அதால சொல்லுறன்.

ஒண்டு வெள்ளைச் சீமெந்து கலந்த பவுடர் புட்டி, தண்ணி விட்டுக் குழைக்கிறது. மற்றது குழைச்சபடியே வாளியில வாற அக்ரிலிக் ஃபில்லர். வேலை சுகம் எண்டா ஃபில்லர்தான், திறந்த உடன பூசலாம், மிச்சத்த மூடி வைக்கலாம், காய்ஞ்சதும் சாண்ட்பேப்பர் பிடிச்சா மா மாதிரி கொட்டி சுவர் முட்டைக்கோது போல வந்திடும். பவுடர எண்டா ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்குள்ள பூசி முடிக்கோணும், இறுகினதுக்குத் திரும்பத் தண்ணி விட்டா பிடிக்காது, தேய்க்கிறதுக்கும் கை உளையும். கச்சான் எண்ட வறண்ட காத்து வீசுற நாளில சுவரை நனைக்காமப் பூசினா பொருபொருத்துப் போகும்.

ஆனா ஈரத்துக்கு எது நிக்குது எண்டதுதான் முக்கியம். கடல் பக்கச் சுவரில பாதிக்கு ஃபில்லர், அது முடிஞ்சு போனதால ஜன்னலுக்கு அங்கால பவுடர். மாசியில போய்ப் பாத்தா ஃபில்லர் பூசின பக்கம் அடியில ஒரு முழத்துக்கு உப்பி நிக்குது, நகத்தால தட்ட அப்பளம் மாதிரிக் கழண்டு விழுது, உள்ளுக்க பஞ்சு போல வெள்ளை உப்பு. பவுடர் பக்கமும் உப்புப் பூத்துத்தான் இருந்தது, ஆனா புட்டி அசையேல்ல. அதால கடல் பக்கம், குளியலறைக்கு ஒட்டின சுவர் எண்டா பவுடர்தான் என்ர தெரிவு, ஹோலுக்கு உள்ள நல்லாக் காய்ஞ்ச சுவருக்கு ஃபில்லர் போடலாம். ஸ்டோர் ரூமுக்கு ரெண்டுமே வேணாம், வெடிப்பை மட்டும் அடைச்சாக் காணும்.

எதைப் பூசினாலும் முதல் ஒரு அடி பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில ஒட்டி ஒரு நாள் விடுங்கோ, உள்பக்கம் வேர்த்திருந்தா இன்னும் பொறுக்கோணும். உப்பைக் காய்ஞ்ச பிரஷ்சால தட்டி எடுங்கோ, கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ளுக்க போயிடும். பழைய சுண்ணாம்பு கையில ஒட்டினா முழுக்கச் சுரண்டத்தான் வேணும். புதுசாச் சீமெந்து பூசின சுவர் எண்டா 28 நாளாவது விடோணும், இல்லாட்டி சீமெந்தின்ர காரம் நிறத்தைத் தின்னும்.

கணக்கு இப்பிடி. 10க்கு 12 அறை, 10 அடி உயரம், சுத்தளவு 44, ஆக 440 சதுர அடி. ஒரு கதவும் ரெண்டு ஜன்னலும் கழிச்சா கிட்டத்தட்ட 387. ரெண்டு கோட்டு பெயின்றுக்கு 774, லீற்றருக்கு 110 சதுர அடி எண்டு பிடிச்சா 7 லீற்றர், அதால 4 லீற்றர் டின் ரெண்டு. பவுடர் புட்டி ரெண்டு கை பூச கிலோவுக்கு 12 சதுர அடி எண்டு பாத்தா 32 கிலோ, மேடுபள்ளச் சுவர் இன்னும் கேக்கும். புட்டிக்கு மேல ப்ரைமர், அதுதான் பெயின்றுக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு, அடிக்காம விட்டா முதல் கோட்டை சுவரே உறிஞ்சிடும், இந்தக் கணக்கெல்லாம் பிழைச்சுப் போகும். நிறம் கலந்து வாங்கினா ரெண்டு டின்னையும் ஒரே வாளியில ஊத்திக் கலக்கிட்டுத் தொடங்குங்கோ, இல்லாட்டி நடுச்சுவரில டின் மாறின இடம் வெயில் படேக்க கோடாத் தெரியும்.