ஐந்து ஆண்டுகளாக ஆடிய தளம்: மட்டக்களப்பு உள்ளக அரங்கு ஒன்றும் அதன் அனுசரணையும்

மட்டக்களப்பு நகரிலுள்ள உள்ளகக் கூடைப்பந்தாட்ட அரங்கு ஒன்றில், வாரத்தில் மூன்று மாலைகள் என, ஐந்து ஆண்டுகளாக ஆடிவருகிறேன். குறைகளும் வருவதால் அரங்கின் பெயரையும் அனுசரணை வழங்கிய நிறுவனத்தின் பெயரையும் தவிர்த்துவிடுகிறேன்.

இந்த விளையாட்டு எங்கள் ஊருக்குப் புதிதன்று. லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் அதை வளர்த்தார்கள். 1990 ஓகஸ்டில் காணாமற்போன யூஜின் ஹெபர்ட் அடிகளாரிடம் பயின்ற மூத்தவர்கள் இன்றும் கோட்டுக்கு வெளியே நின்று, "முழங்காலை மடி தம்பி" என்று எங்களைத் திருத்துவதுண்டு. ஆனால் நான் பழகியது திறந்தவெளிச் சீமெந்துத் தரையில். கார்த்திகையில் மழை பிடித்தால் தை வரையில் பயிற்சி இல்லை. ஆனி, ஆடியில் கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசினால் பந்தைப் பிடிக்கவே கை கூசும். ஆகவே, 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட முழு அளவுத் தளம் கூரைக்குக் கீழே கிடைத்தபோது, சுவரெங்கும் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது எங்களில் எவருக்கும் உறுத்தவில்லை. பணம் போட்டவர் பெயர் போடுவது நியாயம்தானே.

முதல் ஆண்டில் எல்லாம் நன்றாகவே இருந்தது. சிக்கல், நடுவட்டத்தில் நிறுவனச் சின்னத்தை ஸ்டிக்கராக ஒட்டியபோது தொடங்கியது. பலகைத் தரையில் சப்பாத்து கிரீச்சிட்டு நிற்கும். அந்த ஸ்டிக்கரிலோ இரண்டு சொட்டு வியர்வை விழுந்தாலே சவர்க்காரம் பூசியதுபோல் வழுக்கும். வேகத் தாக்குதலில் ஓடும்போது 3.6 மீற்றர் விட்டமுள்ள அந்த வட்டத்தை அடிக்கடி மிதிக்க நேரும். நானும் ஒரு நாள் அங்கே சறுக்கி, இடது முழங்கால் வீங்கி, ஆறு வாரம் வீட்டிலிருந்தேன். முறையிட்டபோது, சின்னத்தை அகற்றினால் ஒப்பந்தத்தை மீறியதாகும் என்றார்கள். கடைசியில் ஆட்டத்துக்கு ஆட்டம் துவாயோடு ஒரு பையனை உட்காரவைத்தோம்.

மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் நிறுவனம் விலகிக்கொண்டது. பெயர்ப்பலகைக்கும் வர்ணத்துக்கும் பணம் ஒதுக்கிய அந்த ஒப்பந்தத்தில் பராமரிப்புக்கென்று ஒரு வரி இல்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாவியின் ஈரக்காற்றில் மாரிதோறும் பலகை ஊதி, வலப்பக்க வளையத்துக்குக் கீழே இரண்டு இடங்களில் தட்டிய பந்து எழும்பாமல் செத்து விழுகிறது. தகரக் கூரைக்குக் கீழே சூட்டை இழுத்து வெளியேற்ற வேண்டிய காற்றாடிகளில் பாதி சுற்றுவதில்லை.

பெரிய ஊர்களிலும் இது நடக்கும். மயாமி அரங்குக்குத் தன் பெயரைச் சூட்ட 19 ஆண்டுகளுக்கு 135 மில்லியன் டொலர் தருவதாக 2021இல் ஒப்புக்கொண்ட எஃப்ரிஎக்ஸ் என்ற கிரிப்டோ நாணயப் பரிமாற்ற நிறுவனம் 2022 நவம்பரில் வங்குரோத்தானது; அடுத்த ஆண்டே அரங்குக்கு வேறு பெயர் வந்தது. அங்கே இன்னொரு நிறுவனம் வரிசையில் நிற்கும். இங்கே அடுத்தவர் வரும் வரைக்கும் பழைய பெயரைக் கழற்றக்கூட ஆளில்லை.

இத்தனைக்குப் பிறகும் மழைக்காலத்தில் வேறெங்கும் போக மாட்டேன். புதிதாக வருபவர்கள் காலை வேளையை வாடகைக்கு எடுப்பது நல்லது. பிற்பகலில் கூரைச் சூடு தாங்காது. புள்ளிப் பலகையை நம்பாமல் மேசையில் ஒருவரை எழுதவைக்கவும் வேண்டும். அதிலுள்ள ஓர் இலக்கத்தின் மேல் வலப்புறக் கீற்று அணைந்துவிட்டதால் 8 அடித்தால் 6 என்றும் 9 அடித்தால் 5 என்றும் தெரிகிறது. அதற்கு மேலேயுள்ள நிறுவனப் பெயரில் மட்டும் ஒரு மின்குமிழும் இன்னும் அணையவில்லை.